அழித்த இடத்தைப் படித்தால் எஸ்.எஸ்.டி. என்ன பதில் சொல்கிறது?

தரவு மீட்புக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டோடுதான் வருவார்கள். ஏதோ ஒரு மீட்பு மென்பொருள், அதில் அழிந்துபோன கோப்புகளின் பெயர், அளவு, தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே பச்சைப் புள்ளி, ‘நிலைமை நன்று’ என்று. "சார், எல்லாம் இருக்குன்னு காட்டுச்சு. அதை நம்பித்தான் காசு கட்டி லைசென்ஸ் வாங்கினேன். மீட்டும் கொடுத்துச்சு. ஆனா ஒரு போட்டோகூட திறக்கலை."

மீட்ட கோப்பை, ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து காட்டுவேன். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பூஜ்ஜியம். நாலு மெகாபைட் படம், நாலு மெகாபைட் பூஜ்ஜியம்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. விண்டோஸின் கோப்பு முறையான என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஒரு கோப்பை அழித்தால், எம்.எஃப்.டி. என்ற அட்டவணையில் அதன் வரி உடனே மறைந்துவிடாது. பெயரும் அளவும் ‘எந்த கிளஸ்டரிலிருந்து எந்த கிளஸ்டர் வரை’ என்ற குறிப்பும் அங்கேயே கிடக்கும். (கிளஸ்டர் என்பது டிரைவில் கோப்புகள் உட்காரும் சிறு துண்டு.) அந்த கிளஸ்டர்களை வேறு கோப்பு பிடித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மென்பொருள் பச்சைப் புள்ளி வைத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் இந்தத் தர்க்கம் சரி. ஃபிளாஷ் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் செல்லாது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: காசு கட்டுவதற்கு முன் ப்ரிவ்யூவைத் திறந்து பாருங்கள். படம் தெரியாவிட்டால் அதே கோப்பை ஹெக்ஸில் பாருங்கள். பெயர்ப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நான் எப்போதும் தேடிப் பார்ப்பேன். ஏறத்தாழ 700 பைட்டுக்குள் அடங்கும் சின்னக் கோப்புகளை என்.டி.எஃப்.எஸ். தனி கிளஸ்டரில் வைப்பதில்லை. எம்.எஃப்.டி. வரிக்குள்ளேயே செருகிவிடும். அந்த வரிகள் பூஜ்ஜியமாகப் போவதில்லை. கல்யாண ஆல்பம் முழுக்கப் பூஜ்ஜியமாகப் போன ஒரு மடிக்கணினியில், நோட்பேடில் தட்டிவைத்திருந்த பாஸ்வேர்டு குறிப்பு மட்டும் முழுசாகக் கிடைத்தது. அந்த அம்மாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சரி, பூஜ்ஜியம் எங்கிருந்து வருகிறது?

2009இல் வந்த விண்டோஸ் 7இலிருந்து, கோப்பை அழித்தவுடன் ‘இந்த முகவரிகள் இனி எனக்குத் தேவையில்லை’ என்று இயங்குதளம் டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. அதுதான் டிரிம். லினக்ஸில் சேட்டா டிரைவுகளுக்கு 2010இல், 2.6.33 கர்னலில் (லினக்ஸின் மையக்கரு) வந்தது. என்.வி.எம்.இ.யில் இதே வேலைக்கு டீஅலகேட் என்று பெயர், ஸ்கசியில் அன்மேப். சேட்டா, என்.வி.எம்.இ., ஸ்கசி மூன்றும் டிரைவைக் கணினியோடு இணைக்கும் முறைகள். பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்று.

டிரைவுக்கு ஏன் சொல்ல வேண்டும்? நாம் எழுதும் முகவரி வேறு, ஃபிளாஷ் சில்லில் தரவு உட்காரும் இடம் வேறு. ஃபிளாஷில் எழுதிய பக்கத்தின்மேல் திரும்ப எழுத முடியாது. பல மெகாபைட் கொண்ட ஒரு பிளாக்கை மொத்தமாகத் துடைத்த பிறகுதான் அங்கே மறுபடி எழுதலாம். ஆகவே டிரைவ் ஒவ்வொரு முறையும் புது இடத்தில் எழுதி, எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. டிரிம் வந்தால் அந்த அட்டவணையில் வரியை அடிக்கிறது, அவ்வளவுதான். சிட்டாவில் பெயரை அடித்துவிட்டாலும் நிலம் போட்டது போட்டபடி கிடக்கும், பயிர்கூட நிற்கும். ஆனால் தாலுகா ஆபீசில் போய்க் கேட்டால் ‘அப்படி ஒரு பட்டாவே இல்லை’ என்றுதான் பதில் வரும். எஸ்.எஸ்.டி.யிடம் ஒரு முகவரியைப் படிக்கச் சொல்வதும் அந்த ஆபீசில் கேட்பதுதான்.

வரி அடிக்கப்பட்ட முகவரியைப் படிக்கச் சொன்னால், பெரும்பாலான இன்றைய கன்ட்ரோலர்கள் (டிரைவை உள்ளிருந்து நடத்தும் சில்லு) ஃபிளாஷ் பக்கமே போவதில்லை. அட்டவணையைப் பார்க்கும், வரி இல்லை என்று தெரியும், பூஜ்ஜியங்களைத் தானே உருவாக்கிக் கையில் கொடுத்துவிடும். அந்தப் பூஜ்ஜியம் எந்தச் சில்லிலும் எழுதப்பட்டதல்ல. பழைய தரவு, தேவையற்ற பிளாக்குகளைத் துடைத்துவரும் கழிவு சேகரிப்பு வேலை அந்த பிளாக்குக்கு வரும்வரை, உள்ளே இருக்கலாம். நீங்கள் கேட்கும் வாசல் வழியாக மட்டும் வெளியே வராது.

‘பெரும்பாலான’ என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லா டிரைவும் பூஜ்ஜியம் தந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. சேட்டா விதிமுறை மூன்று வகையை அனுமதிக்கிறது. முதல் வகை எந்த உறுதியும் தருவதில்லை: டிரிம் செய்த முகவரியை இப்போது படித்தால் ஒன்று, கொஞ்சம் கழித்துப் படித்தால் வேறொன்று. பழைய தரவே வரலாம், பூஜ்ஜியம் வரலாம். இரண்டாவது வகை டிராட் எனப்படுவது. என்ன வரும் என்று சொல்லாது, ஆனால் ஒருமுறை வந்ததே அடுத்து நீங்கள் எழுதும்வரை திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது ஆர்சாட்: கட்டாயம் பூஜ்ஜியம். டிரைவ் தன்னை அறிமுகம் செய்யும் தகவலில் 69ஆம் சொல்லின் 14ஆம் பிட் டிராட்டையும் 5ஆம் பிட் ஆர்சாட்டையும் குறிக்கின்றன. பிட்டை எல்லாம் தேடிப் போக வேண்டாம். லினக்ஸில் எச்டிபார்ம் கட்டளையைப் பெரிய ‘ஐ’ தேர்வோடு ஓட்டினால், வரும் நீண்ட பட்டியலில் டிரிம் பற்றி ஒன்றிரண்டு வரி இருக்கும். அங்கே ‘டிட்டர்மினிஸ்டிக் ரீட் ஜீரோஸ் ஆஃப்டர் டிரிம்’ என்று இருந்தால் ஆர்சாட். ‘ஜீரோஸ்’ இல்லாமல் ‘டேட்டா’ என்று இருந்தால் வெறும் டிராட். இரண்டும் இல்லாவிட்டால் முதல் வகை.

என்.வி.எம்.இ.யில் டி.எல்.ஃபீட் என்று ஒரு புலம். ‘நான் எதையும் சொல்லவில்லை’, ‘எல்லாம் பூஜ்ஜியம்’, ‘எல்லாம் எஃப்.எஃப்.’ என்று மூன்று பதில்கள். எஃப்.எஃப். ஏன் என்று முதலில் பார்த்தபோது விநோதமாக இருந்தது. துடைக்கப்பட்ட ஃபிளாஷ் செல் இயல்பாகவே ஒன்று என்றுதான் படிக்கும். துடைத்த பக்கத்தை அப்படியே கொடுத்தால் எல்லா பிட்டும் ஒன்று. அதை நினைத்துப் பார்த்தால் பூஜ்ஜியம்தான் செயற்கை.

இந்த உறுதிமொழிகளில் ஒரு ஓட்டை இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. டிரிம் என்பது கட்டளை அல்ல, யோசனை. டிரைவுக்கு வேலை அதிகமாக இருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். கேட்ட எல்லையின் தலையும் வாலும் உள் அலகின் விளிம்பில் பொருந்தாவிட்டால் நடுவிலிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரங்களை அப்படியே விடலாம். ஆர்சாட் சொல்வது ‘டிரிம் நிறைவேறிய முகவரி பூஜ்ஜியமாகப் படிக்கும்’ என்பதை மட்டுமே. நிறைவேறியதா என்பது அதற்குள் வராது. லினக்ஸ் கர்னல் எழுதுகிறவர்கள் இதை வெளிப்படையாகவே கோட் குறிப்பில் எழுதி, டிரிமுக்குப் பிறகு நம்பிப் பூஜ்ஜியம் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்த டிரைவுகளுக்கு மட்டும் 2015 வாக்கில் ஒரு வெள்ளைப் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்டெல் டிரைவுகளைப் பொதுவாகச் சேர்த்துவிட்டு, 510 மாடலை மட்டும் பெயர் சொல்லி ஒதுக்கியிருப்பார்கள். 2017இல், 4.12 கர்னலில் இன்னும் ஒருபடி போனார்கள் (டிஸ்கார்ட் என்பது டிரிமுக்கு லினக்ஸில் பொதுப் பெயர்): ‘டிஸ்கார்ட் செய்தால் பூஜ்ஜியமாகும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த, கர்னல் தன் நிலையைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்பு அதன்பின் எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்கிறது. பூஜ்ஜியம் வேண்டுமென்றால் பூஜ்ஜியம் எழுதச் சொல்லும் தனி வழியில் கேள், டிஸ்கார்டை நம்பாதே என்பது ஏற்பாடு. சரியான முடிவு என்பேன்.

உங்கள் டிரைவில் நீங்களே பார்க்கலாம். முக்கியமான எதுவும் இல்லாத டிரைவில் செய்யுங்கள். அடையாளம் தெரிகிற மாதிரி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிய ஒரு கோப்பு உருவாக்கி, நினைவகத்தில் நிற்பதை டிரைவில் எழுதவைக்கும் சின்க் கட்டளையைக் கொடுங்கள். எச்டிபார்மின் ஃபிப்மேப் தேர்வு அந்தக் கோப்பு டிரைவில் எந்த செக்டரில் தொடங்குகிறது என்று சொல்லும். பார்ட்டிஷன் தொடக்கத்தையும் சேர்த்தே கணக்கிட்டுத் தரும், கூட்டல் கழித்தல் நமக்கு இல்லை. அதே கருவியின் ரீட்-செக்டர் தேர்வில் அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வரி ஹெக்ஸில் தெரியும். கோப்பை அழித்து, மறுபடி சின்க் கொடுத்து, மறுபடி படியுங்கள். கோப்பு முறை ஈ.எக்ஸ்.டி.4ஆக இருந்து, டிஸ்கார்ட் தேர்வு இல்லாமல் மவுன்ட் செய்திருந்தால் தரவு அப்படியே இருக்கும். இப்போது காலி இடம் முழுவதையும் டிரிம் செய்யும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை ஓட்டுங்கள். இனி படித்தால் பூஜ்ஜியம். அல்லது உங்கள் டிரைவின் வகைக்கு ஏற்ற வேறு ஏதோ.

இதைச் செய்யும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் பேஜ் கேஷ். தரவைப் படியெடுக்கும் டிடி கட்டளையில் சாதாரணமாகப் படித்தால், முன்பு படித்தபோது நினைவகத்தில் தங்கிய பழைய பிரதியைக் கர்னல் கொடுத்துவிடும். எஃப்எஸ்டிரிம் ஃபைல் சிஸ்டம் வழியாகப் போவதால் அந்தப் பிரதி கலைவதில்லை. ‘என் டிரைவ் டிரிம் செய்வதே இல்லை’ என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, டைரக்ட் என்ற தேர்வோடு படித்தீர்களா என்பதைத்தான். என்.வி.எம்.இ.யில் எச்டிபார்ம் வேலைக்கு ஆகாது, அங்கே டிடி டைரக்ட்தான் வழி. இன்னொன்று: ஈ.எக்ஸ்.டி.4இல் எஃப்எஸ்டிரிமை உடனே இரண்டாவது முறை ஓட்டினால் ‘பூஜ்ஜியம் பைட்’ என்று சொல்லும். ஏற்கெனவே டிரிம் செய்ததை அது நினைவில் வைத்திருக்கிறது, பயப்பட வேண்டாம்.

மறையாக்கம் செய்த டிரைவில் இதே சோதனை வேறு மாதிரி முடியும். லினக்ஸின் மறையாக்க முறையான லக்ஸ் வழியாக டிஸ்கார்டை அனுமதித்திருந்தால், டிரிம் செய்த இடத்தை மேலிருந்து படிக்கும்போது பூஜ்ஜியம் வராது, குப்பை வரும். கீழே டிரைவ் பூஜ்ஜியம்தான் தருகிறது. மேலே, லக்ஸுக்காக மறையாக்கும் கர்னல் பகுதியான டிஎம்-கிரிப்ட் அந்தப் பூஜ்ஜியத்தையும் கடமை தவறாமல் மறைவிலக்கம் செய்து, அர்த்தமில்லாத பைட்டுகளாக மாற்றிக் கொடுக்கிறது. அதே டிரைவை மறை திறக்காமல் கீழிருந்து பார்த்தால், எழுதிய இடமெல்லாம் இரைச்சல், எழுதாத இடமெல்லாம் பூஜ்ஜியம். எவ்வளவு இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்பது வெளியாளுக்குத் தெரிந்துவிடும். லக்ஸை அமைக்கும் கிரிப்ட்செட்டப்பில் டிஸ்கார்ட் தானாக இயங்காமல், நாமே கேட்டு வாங்க வேண்டியதாக இருப்பதன் காரணம் இதுதான். வீட்டு மடிக்கணினிக்கு இது பெரிய கசிவு இல்லை என்பது என் கணிப்பு, நான் அனுமதித்தே வைத்திருக்கிறேன். பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

பல டிரைவுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டில்தான் இந்த விஷயம் நிஜமாகவே கடிக்கும். ஒரே தரவை இரண்டு பிரதியாக வைக்கும் ரெய்டு 1இல் இரண்டு வேறு கம்பெனி டிரைவ் போட்டு, எஃப்எஸ்டிரிம் ஓடிய பிறகு பிரதிகளை ஒப்பிடும் செக் கொடுத்தால், இரண்டு பக்கமும் பொருந்தாத எண்ணிக்கை எகிறி நிற்பதைப் பார்க்கலாம். ஒரு டிரைவ் பூஜ்ஜியம் தருகிறது, இன்னொன்று வேறு தருகிறது. எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால் தரவுக்கு ஆபத்தில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இதைப் பார்த்துவிட்டு இரண்டு டிரைவையும் மாற்ற ஆர்டர் போட்டுவிட்டார்கள். பொருந்தாத செக்டர்கள் கோப்புகள் உள்ள இடத்திலா காலி இடத்திலா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆர்டர் ரத்தானது.

ரெய்டு 5 அப்படியில்லை. அங்கே பேரிட்டி என்பது, ஒரு டிரைவ் செத்தால் அதன் தரவை மீட்பதற்காக, மற்ற டிரைவுகளின் தரவை எக்ஸார் என்ற பிட் கணக்கில் சேர்த்து வருவது. ஒரு ஸ்ட்ரைப் (எல்லா டிரைவிலும் ஒரே வரிசையில் உள்ள துண்டுகள்) முழுவதையும் டிரிம் செய்து எல்லா டிரைவும் பூஜ்ஜியம் தந்தால் கணக்கு நேராக இருக்கும்: பூஜ்ஜியங்களின் எக்ஸார் பூஜ்ஜியமே. ஒரே ஒரு டிரைவ் வேறு ஏதாவது தந்தால் கணக்கு கோணிவிடும். பிறகு அந்த ஸ்ட்ரைப்பில் ஒரு துண்டை மட்டும் எழுதினால், பழைய பேரிட்டியோடு மாறுதலை மட்டும் சேர்த்துப் புதிய பேரிட்டி போடப்படும். கோணல் அப்படியே தொடரும். எல்லாம் நன்றாக ஓடுவதுபோல இருக்கும், ஒரு டிரைவ் சாகும்வரை. அன்று மீட்டெடுத்த தரவு தப்பாக வரும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல். அதனால்தான் லினக்ஸின் ரெய்டு 5, 6 இரண்டிலும் டிஸ்கார்ட் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘என் டிரைவுகள் டிஸ்கார்டைப் பத்திரமாகக் கையாளும்’ என்ற பொருளில் ஒரு மாட்யூல் அளவுருவை நீங்களே ஆமாம் என்று மாற்ற வேண்டும். இணையத்தில் ‘ரெய்டில் டிரிம் வேலை செய்ய இந்த ஒரு வரியைச் சேருங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆமாமுக்கு யார் பொறுப்பு என்று சொல்வதில்லை. அணியில் உள்ள ஒவ்வொரு டிரைவும் ஆர்சாட்தானா என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள். டிராட் மட்டும் உள்ள டிரைவை நான் இந்த வேலைக்கு உறுதி தராத டிரைவாகவே கணக்கில் வைப்பேன்.

வேகச் சோதனையில் இதே பூஜ்ஜியம் வேறு வேடம் போடும். புது டிரைவைப் பெட்டியிலிருந்து எடுத்து, எதுவும் எழுதாமல், நேராகப் படிக்கும் வேகத்தை அளந்தால் கண்ணைக் கூசும் எண் வரும். நீங்கள் அளந்தது ஃபிளாஷின் வேகத்தை அல்ல, கன்ட்ரோலர் எவ்வளவு வேகமாக ‘இல்லை’ என்று சொல்கிறது என்பதை. ஃபிளாஷிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்கப் பல பத்து மைக்ரோவினாடி ஆகும். அட்டவணையில் வரி இல்லாவிட்டால் அந்த நேரம் முழுக்க மிச்சம். சேட்டாவில் தொடர் வாசிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டில் கேபிளிலேயே முட்டிக்கொள்வதால் அவ்வளவாகத் தெரியாது. தாறுமாறான சிறு வாசிப்பிலும் என்.வி.எம்.இ.யிலும் பளிச்சென்று தெரியும். சேமிப்புத் துறை அமைப்பான ஸ்னியாவின் எஸ்.எஸ்.டி. சோதனை முறை, முதலில் டிரைவைத் துடைத்து, பிறகு கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தரவை எழுதிவிட்டுத்தான் அளவைத் தொடங்கச் சொல்கிறது. குறைந்தபட்சம் ஒருமுறையாவது முழுக்க எழுதுங்கள். எழுதும்போது, பூஜ்ஜியம் மட்டுமே தரும் டெவ்-ஜீரோவிலிருந்து எடுக்காதீர்கள். சில கன்ட்ரோலர்கள் தரவைச் சுருக்கி எழுதும், வெறும் பூஜ்ஜியத்தை எழுதியும் எழுதாத மாதிரி ஆகிவிடும். தாறுமாறான பைட்டுகளே சரி.

மீட்பு வேலையில் இதையே திருப்பிப் பயன்படுத்துகிறேன். டிரைவின் முழுப் பிரதியான இமேஜை எடுக்கும்போது என்.வி.எம்.இ. டிரைவின் வேகம் சட்டென்று ஏறி அப்படியே நின்றால், அந்தப் பகுதி காலி என்று புரிந்துகொள்ளலாம். வாடிக்கையாளரிடம் விலை பேசுவதற்கு முன் டிரைவ் முழுக்க அங்கங்கே மாதிரி எடுத்துப் பார்ப்பேன். எல்லாம் பூஜ்ஜியமென்றால் காசு வாங்குவதில்லை.

அழித்துவிட்டீர்கள், இப்போதுதான் தெரிந்தது, என்ன செய்வது? எந்த இயங்குதளம், எப்படி இணைத்தது என்பதைப் பொறுத்தது. விண்டோஸில் உள்ளே பொருத்திய டிரைவ், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று என்றால், டிரிம் அநேகமாகப் போய்விட்டது. குவிக் ஃபார்மேட் என்றால் பார்ட்டிஷன் மொத்தமும். லினக்ஸில் ஈ.எக்ஸ்.டி.4 என்றால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு. எஃப்எஸ்டிரிம் டைமர் பொதுவாக வாரம் ஒருமுறைதான் ஓடும், அதை உடனே நிறுத்துங்கள், பிறகு இயந்திரத்தை அணையுங்கள். பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற இன்னொரு கோப்பு முறையை வைத்திருக்கிறவர்களுக்கு அந்த நேரம் இல்லை, 6.2 கர்னலிலிருந்து அதில் ஒத்திசைவற்ற டிஸ்கார்ட் இயல்பாகவே இயங்குகிறது. யு.எஸ்.பி. பெட்டிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை அதிகம். நிறைய பெட்டிகளின் பிரிட்ஜ் சில்லு டிரிமைக் கடத்துவதே இல்லை. டிரைவின் ஆயுளுக்கு அது குறைதான், அழித்துவிட்டுத் தவிக்கிறவருக்கு வரம். அதனால், உள்ளே இருந்த டிரைவைக் கழற்றி யு.எஸ்.பி.யில் போட்டால் பூஜ்ஜியம் போய்ப் பழைய தரவு வருமா என்று கேட்பார்கள். வராது. அட்டவணை டிரைவுக்குள் இருக்கிறது, கேபிளில் இல்லை.

ரைட் பிளாக்கர் மாட்டிவிட்டால் பத்திரம் என்ற எண்ணமும் இருக்கிறது. அது வெளியிலிருந்து வரும் எழுத்தைத்தான் தடுக்கும். மின்சாரம் கிடைத்தால் போதும், கழிவு சேகரிப்பு உள்ளே தன்பாட்டுக்கு நடக்கும். டிரிம் ஆன டிரைவுக்குக் கரண்டே கொடுக்காமல் வைத்திருந்தால்தான், கன்ட்ரோலரை அதன் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோய் ஃபிளாஷை நேரடியாகப் படிக்கும் ஆய்வகத்துக்குக் கொஞ்சமாவது வாய்ப்பு. அதுவும் எல்லா மாடலுக்கும் முடியாது. சில்லைக் கழற்றிப் படிக்கலாமே என்றால், இன்றைய கன்ட்ரோலர்கள் பலவும் தரவை மறையாக்கம் செய்துதான் ஃபிளாஷில் வைக்கின்றன. கழற்றினால் கையில் இரைச்சல்தான்.

பழைய மடிக்கணினியை விற்கிறவர்களுக்கு இதே காரணத்தால் எதிர்ப்பக்கத்துப் பாடம். "பிஎல்கேடிஸ்கார்ட் ஓட்டிட்டேன், ஹெக்ஸ்ல பார்த்தேன், முழுக்க ஜீரோ" என்று ஒரு நண்பர் நிம்மதியாகச் சொன்னார். பிஎல்கேடிஸ்கார்ட் என்பது டிரைவ் முழுவதையும் டிரிம் செய்யும் கட்டளை. அவர் பார்த்தது அட்டவணை சொன்ன பதில். ஃபிளாஷில் என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. சாதாரணமாக வாங்குகிறவர் தோண்டிப் பார்க்கப் போவதில்லை, உண்மைதான். ஆனால் அலுவலகக் கணினிகளைக் கும்பலாக ஏலம் விடுகிறவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது. அவர்களுக்கு வேண்டியது என்.வி.எம்.இ.யில் சானிடைஸ் கட்டளை, சேட்டாவில் செக்யூர் எரேஸ். இவை டிரிம் மாதிரி யோசனை அல்ல, நேரடிக் கட்டளை. டிரைவ் நிறைவேற்ற வேண்டும், அல்லது முடியவில்லை என்று சொல்ல வேண்டும். சானிடைஸ் தொடங்கிவிட்டால் நடுவில் கரண்டு போனாலும் திரும்ப வந்ததும் விட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் மறு வேலை பார்க்கும். சேட்டாவில் ‘ஃப்ரோசன்’ என்று மறுத்தால், கணினியை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விடும். முதல் நாளிலிருந்தே விண்டோஸின் பிட்லாக்கர் மறையாக்கமோ லக்ஸோ போட்டு வைத்திருந்தால் இந்தத் தலைவலி பாதி குறைவு: திறவுகோலை அழித்தாலே மிச்சமிருப்பது இரைச்சல். புது டிரைவ் வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான், எழுதத் தொடங்கிய பிறகு அல்ல, அதற்கு முன்பே.